சாரலில் நின்ற பாலைவனக் கூடாரம்

“வாயை நல்லா விரிச்சுப் பிடிட்டி, நூரு.”

வாப்பா இதைச் சொன்னபோது நான் சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு காலி உரச் சாக்கு. பெருநாளைக்கு எடுத்த பச்சைப் பாவாடை இடுப்பு வரைக்கும் சகதி. சாக்கின் வாயை நான் இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, வாப்பா எவர்சில்வர் தட்டால் ஈர மண்ணை வாரி வாரி உள்ளே போட்டார். சோறு திங்கக் கொண்டுவந்த தட்டு அது. உம்மா பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற நேரமா அது?

தலைக்கு மேலே தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. ஐந்தருவிப் பக்கமிருந்து காற்று சாரலை அள்ளி மூஞ்சியில் வீசியது. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை வீல் வீல் என்று அழுதது. ஈரச் சாம்பல் வாசனையும் கொட்டிப்போன சாம்பார் வாசனையும் கலந்து கிடந்தன.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குளிர் தெரியவில்லை, பயம் தெரியவில்லை. நெஞ்சு முழுக்கப் பெருமை. இப்படிச் சகதியில் உட்கார்ந்து பெருமைப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டை கட்டிய போட்டோ

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, என் பல் விழுந்த கதையைப் படித்துவிட்டு காஜா மாமா போன் போட்டார். “எல்லாத்துலயும் என்னையவே வில்லனாக்குதியே ஏட்டி” என்று ஒரே கோபம். மாமா, இந்த வாரமும் நீங்கள் வருகிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நல்லவராக்கி விடுகிறேன்.

எங்கள் ஊர் வடகரை. வயல், தென்னந்தோப்பு, பள்ளிவாசல், வீட்டுக்கு ஓர் ஆம்பளை வெளிநாட்டில். எங்கள் வீட்டில் அது வாப்பா. நான் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் சவூதிக்குப் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் இரண்டு மாசம் வருவார். நான் பழகி, மடியில் ஏறி உட்காரத் தொடங்கும்போது பெட்டி கட்டி விடுவார்.

வாப்பாவுக்கு அங்கே ஆபீஸில் சூப்பர்வைசர் வேலை. இதை எனக்குச் சொன்னது உம்மா. உம்மாவுக்குச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட போட்டோ ஒன்று தொங்கியது. பெரிய மேஜை, மேஜை மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் டை கட்டிய வாப்பா. டை கொஞ்சம் நீளம். அதை யாரும் கவனித்ததில்லை.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் புது டீச்சர் எல்லாரையும் எழுப்பி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். நான் மறுநாள் போட்டோவையே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏசி ஆபீஸ், சுழல் நாற்காலி, கீழே பத்துப் பேர் என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அள்ளி விட்டேன்.

என் பக்கத்தில் உட்காருவது மகா. மகாலட்சுமி. அவள் அப்பா எங்கள் ஊரில் உரக்கடை வைத்திருந்தார். அவள் எழுந்து “உரக்கடை” என்று சொல்லி உட்காரும்போது நான் பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி, “சாக்கு தூக்குவாங்கல்ல, அந்தக் கடையா?” என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். மகா சிரிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே என்னை நாலு சாத்து சாத்தணும் போல இருக்கிறது.

பெட்டிக்குள் துணி

அந்த வருஷம்தான் வாப்பா முதல்முறையாகச் சாரல் மாசத்தில் லீவு கிடைத்து வந்தார். அதுவரை அவர் வந்ததெல்லாம் வெயில் காலத்தில். ஒன்பது வருஷமாகக் குற்றாலச் சாரல் ஒரு சொட்டு மேலே படாத மனுஷன்.

அவர் வருவதற்கு முன்னாலேயே கார்கோவில் ஒரு பெரிய பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். நான் டிவி என்றேன். தம்பி அன்சர் சைக்கிள் என்றான், அவனுக்கு நாலு வயசு. உம்மா அடுப்பங்கரையில் மிக்ஸி வைக்க இடம் ஒதுக்கி வைத்ததை நான் பார்த்தேன்.

வாப்பா வந்து பிரித்தால் உள்ளே துணி. கெட்டித் துணி, வெளியே சந்தன நிறம், உள்பக்கம் சிவப்பிலும் பச்சையிலும் பூ வேலை. கூட ஒரு கட்டு கயிறு, இரண்டு கம்பு, ஒரு பை நிறைய இரும்பு முளைகள்.

கூடாரம். அரபிகள் குளிர்காலத்தில் பாலைவனத்துக்குப் போய்க் குடும்பத்தோடு தங்குவார்களாம், அதற்கான கூடாரம் இது என்று வாப்பா விளக்கினார். துணியைத் தடவித் தடவிப் பேசினார். எங்கே தைத்திருக்கிறார்கள், எங்கே கயிறு ஓடும், காற்று எந்தப் பக்கம் வந்தால் எந்தப் பக்கம் வாசல் வைக்கணும் என்று எல்லாம் சொன்னார். மற்ற நேரத்தில் ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்கிற மனுஷன், அன்றைக்கு நிறுத்தவே இல்லை.

உம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, “துணிதானா?” என்றாள். அவ்வளவுதான்.

வாப்பா முகம் சுருங்கிப்போனது. பிறகு அவராகவே, இதை ஒருநாள் குற்றாலத்தில் கட்டி எல்லாரும் தங்கலாம் என்றார். லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, கிளம்பினோம்.

முக்கால் மணி நேரத்தை ஒரு நாளாக்கியது

வடகரையிலிருந்து குற்றாலம் எவ்வளவு தூரம்? நேராகப் போனால் முக்கால் மணி நேரம் கூட ஆகாது. நாங்கள் போய்ச் சேரப் பாதி நாள் ஆனது. வாப்பாவுக்கு மலை ஏற வேண்டும், கேரளாப் பக்கம் ரயில் போகிற பதிமூணு கண் பாலத்தைப் பார்க்க வேண்டும், திரும்பி வந்து பிரானூர் பார்டரில் பரோட்டா தின்ன வேண்டும். மணல் காட்டில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் போட்ட திட்டம் என்றார்.

வண்டி காஜா மாமாவுடையது. உம்மாவின் தம்பி. லோடு வேன் ஓட்டுகிறவர். முன்னால் மாமா, உம்மா, உம்மா மடியில் அன்சர். பின்னால் கேஸ் அடுப்பு, குண்டான், அரிசி, உரித்து மசாலா தடவிய இரண்டு கோழி, கோரம்பாய், அந்தக் கூடாரம், அதன் மேல் நானும் வாப்பாவும்.

மாமாவுக்கும் வாப்பாவுக்கும் நடுவில் ஒரு முள் இருந்தது. வாப்பாவின் ஆபீஸில் ஒரு வேலை வேண்டும் என்று மாமா மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பியூன் வேலை என்றாலும் சரி. வாப்பா ஒவ்வொரு தடவையும் அடுத்த முறை பார்க்கலாம் என்பார். மாமா அதிலிருந்து அவரை ‘சூப்பர்வைசர் மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடுகிற தொனியில் உப்புக் கரிக்கும்.

புளியரை தாண்டி மலை ஏறும்போது காற்று மாறியது. ஈர இலை வாசனை. வாப்பா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் அவரோடு தனியாக நான் அதுவரை இருந்ததே இல்லை. கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, விரல் இடுக்கில் பழைய கயிற்றுத் தழும்பு. பேனா பிடித்தால் இவ்வளவு காய்க்குமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றி, மறந்துபோனது.

செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். மாமா தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு போலீஸ்காரர் பின்பக்கம் வந்து, மூட்டையைத் தட்டி, இது என்ன என்று மலையாளத்தில் கேட்டார். வாப்பா மலையாளத்திலேயே சரளமாகப் பதில் சொன்னார். போலீஸ்காரர் சிரித்துவிட்டு, “கல்ஃபில் எந்தா ஜோலி?” என்று கேட்டார், அங்கே என்ன வேலை என்று.

வாப்பா முன்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். உம்மா அன்சருக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாப்பா குரலைத் தாழ்த்தி, “டென்ட் கெட்டலா, சாரே” என்றார். டென்ட் கட்டுகிற வேலை. ஒன்பது வருஷமாக, என்றும் சேர்த்துச் சொன்னார்.

எனக்கு மலையாளம் தெரியாது என்று வாப்பா நினைத்துவிட்டார் பாவம். பக்கத்து வீட்டு மாமி கேரளாவில் புனலூர்க்காரி. அவள் வீட்டில்தான் நான் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தேன் என்பது சவூதியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

மாமா வந்தார், வண்டி கிளம்பியது. பாலத்தைப் பார்த்தோம். எல்லாரும் பாலத்தின் வளைவுக் கண்களை எண்ணினார்கள். நான் எண்ணவில்லை. நான் டீச்சரை நினைத்தேன், சுழல் நாற்காலியை நினைத்தேன், மகாவை நினைத்தேன். எனக்கு அழுகையாக வந்தது. பொய் சொன்னது வாப்பாவா நானா என்றே குழப்பமாக இருந்தது. பார்டர் பரோட்டாவை நான் பாதியில் வைத்தேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

பிரித்துக் கட்டிய முடிச்சு

ஐந்தருவி போகிற ரோட்டோரம் மாமாவுக்குத் தெரிந்தவருடைய தென்னந்தோப்பு. வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் உள்ளே போனோம். அங்கே ஏற்கனவே ஒரு கூட்டம், பன்னிரண்டு பதினைந்து பேர். மரத்துக்கு மரம் தார்ப்பாய் கட்டி, கீழே உரச் சாக்கு விரித்து, சாம்பார் கொதிக்க வைத்திருந்தார்கள். உரச் சாக்கைப் பார்த்ததுமே, மகா வீட்டு ஆட்களாக இருக்குமோ என்று நான் உம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

நினைத்தது சரி. மகா ஓடி வந்தாள். அவள் அப்பா, அம்மா, கைக்குழந்தையோடு ஓர் அத்தை, இன்னும் யார் யாரோ. என் வாப்பாவை அவள் தன் அப்பாவிடம் காட்டி, சவூதியில் பெரிய ஆபீஸர் என்று அறிமுகப்படுத்தினாள். அவள் கண்ணில் குத்தலே இல்லை. நிஜமாகவே நம்பியிருந்தாள். அவள் அப்பா வேட்டியை இறக்கிவிட்டு, “வாங்க சார், எந்தக் கம்பெனில சார் இருக்கிய?” என்று கேட்டார். வாப்பா சிரித்துச் சமாளித்தார். மாமா பக்கத்தில் நின்று மீசையைத் தடவினார்.

பிறகு வாப்பா கூடாரம் கட்ட ஆரம்பித்தார். நான் இதைத்தான் பார்க்கக் காத்திருந்தேன்.

முதல் கயிற்றை எடுத்ததும் வாப்பாவின் வலது கை ஒரு சுழற்று சுழற்றியது. கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையால் முடிச்சு விழுந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. உடனே வாப்பா மாமாவைப் பார்த்தார். மாமா இங்கே திரும்பினார். வாப்பா அந்த முடிச்சை அவிழ்த்தார். அவிழ்த்து, இரண்டு கையாலும் தடுமாறித் தடுமாறி, நான் ரிப்பன் கட்டுகிற மாதிரி ஒரு பொம்மை முடிச்சுப் போட்டார்.

ஆபீஸில் இருக்கிறவருக்குக் கயிறு கட்டத் தெரியக்கூடாதே. அதுக்காக.

எனக்கு அந்த இடத்தில் ஒன்று விளங்கியது. வாப்பா என்ன வேலை செய்கிறார் என்று வாயால் சொல்ல முடியாமல், கூடாரத்தைக் கொண்டுவந்து காட்டிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். உம்மா துணிதானா என்று கேட்டுவிட்டாள். இங்கே வந்தால் சார் என்று கூப்பிடுகிறார்கள். இனி அந்தப் போட்டோவிலிருந்து அவரால் இறங்க முடியாது. அவரை அதில் ஏற்றி வைத்து ஊருக்கெல்லாம் காட்டினவள் நான்.

கூடாரம் ஒருவழியாக நின்றது. தொளதொள என்று நின்றது. மாமா ஒரு கயிற்றை விரலால் ஆட்டிப் பார்த்து, “பேனா பிடிச்ச கைல்லா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதுக்கப்புறம் அருவிக்குப் போனோம். நல்லெண்ணெய் தலையில் வழிய வழியக் குளித்தோம். ஒரு குரங்கு அன்சர் கையிலிருந்த பன்னைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கம்பியில் உட்கார்ந்து, அவனைப் பார்த்துக்கொண்டே தின்றது. அவன் அழுத அழுகை அருவிச் சத்தத்தை மீறிக் கேட்டது. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்தக் குரங்கைப் பற்றியே ஒரு வாரம் எழுதுவேன். எனக்கு அன்றைக்கு மனசு அதில் இல்லை.

காற்று

நாலு மணி சுமாருக்குக் காற்று வந்தது. சாரல் காலத்துக் காற்று தெரியும்தானே, சொல்லிக்கொண்டு வராது.

முதலில் எங்கள் கூடாரம் ஒழுகியது. பாலைவனத்து வெயிலுக்கு நெய்த துணி. மழையைப் பார்த்திருக்கவே மாட்டாது. கை பட்ட இடமெல்லாம் தண்ணீர் உள்ளே சொட்டியது. அடுத்து இளகிய மண்ணிலிருந்து முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. கம்பு சாய்ந்தது. கோழிக் குழம்பைக் காப்பாற்ற உம்மா குண்டானோடு வெளியே ஓடினாள்.

அதே நேரம் மகா வீட்டுத் தார்ப்பாயின் இரண்டு மூலை அறுந்தது. பாய் எழும்பிப் படீரென்று அடித்ததில் சாம்பார் குண்டான் கவிழ்ந்து அடுப்பு அணைந்தது. அவர்கள் வேன் பஞ்சர் ஒட்ட டவுனுக்குப் போயிருந்தது. எங்கள் வண்டி ரோட்டில் நிற்கிறது, ஆனால் பாதையில் தண்ணீர் ஓடுகிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வழுக்கலில் யார் போவது? அத்தைக்காரி முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு ஒரு மரத்தடியில் ஒண்டினாள். தென்னை மரத்தடி. மேலே குலை குலையாகத் தேங்காய்.

ஆளாளுக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தர் கட்டினால் இன்னொரு பக்கம் பிய்த்துக்கொண்டது.

வாப்பா அசையாமல் நின்றார். விரல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன, கயிறு இல்லாமலேயே முடிச்சுப் போடுகிற மாதிரி. அவர் மாமாவைப் பார்த்தார், மகாவின் அப்பாவைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். கூடாரம் கட்டினால் குட்டு உடைந்துவிடும். கட்டாவிட்டால் இத்தனை பேரும் நனைந்து சாகணும்.

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். மகா பக்கத்தில்தான் நின்றாள். அது தெரிந்துதான் சொன்னேன்.

“ஒங்க வேலையே டென்ட் கட்டுறதுதான வாப்பா. கட்டுங்க.”

வாப்பா என்னைக் குனிந்து பார்த்தார். செக்போஸ்ட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் முதலில் வெட்கம் வந்தது. நான் கையை விடவில்லை. பிறகு அவர் கைலியை மடித்துக் கட்டினார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் முப்பது வயசு தாண்டியும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். அந்த மனுஷனிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அத்தைக்காரியைத் தென்னையடியிலிருந்து வெளியே வரச் சொன்னார். மகாவின் அப்பாவிடம் உரச் சாக்கு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். மாமாவைக் கூடாரத் துணியின் ஒரு முனையில் நிறுத்தி, அசையக்கூடாது என்றார். மாமா அசையவில்லை.

பொடி மணலில் முளை நிற்காதாம். அதனால் சாக்கில் மணலை ரொப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, குழி தோண்டிப் புதைப்பார்களாம். எவ்வளவு காற்று இழுத்தாலும் வராதாம். சேறும் அதே மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டே குழி தோண்டினார். நான் சாக்கைப் பிடித்தேன். ஐந்தாவது சாக்கில் மகா வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். அவளுக்குச் சாக்கு பிடிப்பதெல்லாம் கை வந்த கலை. என்னைவிட நன்றாகப் பிடித்தாள்.

மரங்களை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில், எங்கள் கூடாரம் எழும்பியது. அதன் மேல் ஒரு முழம் இடைவெளி விட்டு மகா வீட்டுத் தார்ப்பாயைக் கூரையாகக் கட்டினார். துணி காற்றைத் தடுத்தது, தார்ப்பாய் மழையைத் தடுத்தது. வாப்பாவின் கை கயிற்றில் ஓடிய வேகத்தை எங்களால் கண்ணால் தொடர முடியவில்லை. ஒவ்வொன்றும் ஒற்றைக் கை முடிச்சு. எதையும் அவர் அவிழ்க்கவில்லை.

கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, அதை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். டொய்ங் என்றது.

உம்மா கேட்ட ஒரு கேள்வி

இரண்டு குடும்பமும் அந்தக் கூடாரத்துக்குள்தான் உட்கார்ந்தோம். சிவப்பும் பச்சையுமாகப் பூ வேலை தலைக்கு மேலே. அவர்கள் சோறு, எங்கள் கோழிக் குழம்பு, யாரோ வாங்கி வைத்திருந்த மிளகாய் பஜ்ஜி. கோழி சாப்பிடாதவர்களுக்கு அப்பளம். குழந்தை தூங்கிவிட்டது. வெளியே காற்று அடித்துக்கொண்டே இருந்தது, கூடாரம் அசையவில்லை.

மாமா தட்டைக் கீழே வைத்தார். “மச்சான், இந்த வேலைய எங்கன படிச்சிய?”

இந்தத் தடவை சூப்பர்வைசர் இல்லை. வெறும் மச்சான்.

வாப்பா மறைக்கவில்லை. ஒன்பது வருஷமாக இதுதான் வேலை என்றார். அரபிகளுக்குப் பாலைவனத்தில் கூடாரம் கட்டுவது, நோன்பு மாசத்தில் பந்தல் போடுவது, மற்ற நாளில் கிழிந்ததைத் தைப்பது. ஆபீஸ் போட்டோவில் மேஜை முதலாளியுடையது, டை கூட்டாளியுடையது. இந்தக் கூடாரமே முதலாளி கழித்துப்போட்டது, இவர் தைத்துச் சரி பண்ணியது. “ஒனக்கு எந்த ஆபீஸ்ல காஜா நான் வேலை வாங்கித் தருவேன்?” என்று முடித்தார்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உங்களைக் கல்நெஞ்சுக்காரன் என்று மூன்று வருஷமாகத் திட்டிவிட்டேனே என்று புலம்பினார். பாருங்கள் மாமா, நல்லவராக்கி விட்டேன்.

உம்மா மட்டும் தட்டைத் தள்ளி வைத்தாள். குண்டானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் என்றுதான் நினைத்தேன். ஊரெல்லாம் ஆபீஸ் என்று சொல்ல வைத்துவிட்டாரே என்று கத்தப் போகிறாள் என்று பயந்தேன். ஆனால் அவள் வாப்பாவின் கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஒன்பது வருஷமும் வெயில்லயா நின்னிய?”

வாப்பா, பழகிப்போச்சு என்றார். உம்மா தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் கோழிக் குழம்பைப் பார்த்தோம்.

மகாவின் அப்பாதான் அந்த நேரத்தைக் கடத்திவிட்டார். கையை நக்கிக்கொண்டே, “அண்ணாச்சி, அந்த ஒத்தக்கை முடிச்சை எனக்குச் சொல்லித் தாங்க. கடையில மூட்டை கட்டுறதுக்கு ஆவும்” என்றார். சார் போய் அண்ணாச்சி ஆகிவிட்டது. வாப்பா முகத்தில் அப்போது வந்த சிரிப்பு, போட்டோவில் இருந்த சிரிப்பு இல்லை.

மறுநாள் காலை வெயில் எட்டிப் பார்த்தபோது மகாவின் அப்பா தான் கொண்டுவந்திருந்த கேமராவில் ஒரு படம் எடுத்தார். கூடாரத்து வாசலில் வாப்பா. மடித்துக் கட்டிய கைலி, கணுக்கால் வரை சேறு, தோளில் கயிறு. அதைப் பிரிண்ட் போட்டு டை கட்டிய போட்டோ இருந்த சட்டத்தில் மாட்டியது உம்மா. யாரையும் கேட்கவில்லை.

எழுந்து நின்று

வாப்பா புதன்கிழமை கிளம்பிப் போனார். கூடாரத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஏதோ ஒரு படிவத்துக்காக டீச்சர் ஒவ்வொருவரிடமும் தகப்பனார் தொழில் கேட்டு எழுதினார். என் முறை வந்தது. டீச்சருக்குத்தான் தெரியுமே, அவராகவே சூப்பர்வைசர் என்று எழுதப் போனார். நான் எழுந்து நின்று, எங்க வாப்பா டென்ட் கட்டுறாங்க டீச்சர் என்றேன். பின்னால் எவனோ சிரித்தான்.

நான் திரும்புவதற்குள் மகா திரும்பிவிட்டாள். “ஒன்னையக் கொண்டுபோய்ச் சாரல்ல ஒரு மணி நேரம் நிறுத்துனாத் தெரியும்லே, சிரிக்கதுக்கு” என்றாள். உரக்கடைக்காரர் மகள். மூட்டை தூக்குகிற குரல். அதுக்கப்புறம் வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நான் அன்றைக்குத்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதுக்கு என்று கேட்டாள். அன்னைக்குச் சாக்குன்னு கேலி பண்ணினதுக்கு என்றேன். “போ ஏட்டி” என்றாள்.

வெள்ளிக்கிழமை வாப்பா போன் பண்ணினார். எப்போதும் போல உம்மாவிடம் பேசி, அன்சரிடம் பேசி, கடைசியில் என்னிடம் வந்தார். நான் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன்.

“சத்தமாவாட்டி சொன்ன?”

“எந்திரிச்சு நின்னு சொன்னேன் வாப்பா.”

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, தன் ரூமில் இருக்கிற யாரிடமோ வாப்பா சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“எம் மவ கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு சொல்லிருக்கால்லா.”